வீட்டு சர்வர்: டிஸ்க் போனாலும் ஒரே மாலையில் எழுந்து நிற்கும்படி அமைப்பது எப்படி

நீங்களே எழுதிய ஒரு டெலிகிராம் பாட், வீட்டுச் செலவைக் குறித்து வைக்கும் சின்ன வெப் ஆப், இரவில் ஓடி எதையோ இறக்கி வைக்கும் ஒரு ஸ்கிரிப்ட். இப்படி நாலைந்து சேர்ந்துவிட்டால் லேப்டாப் போதாது. மூடியதும் எல்லாம் தூங்கிவிடும். வீட்டில் ஒரு சர்வர் வைக்கலாம் என்று தோன்றுவது அப்போதுதான்.

முதல் தடவை சர்வரை எழுப்புவது சுலபம். இரண்டு வருடம் கழித்து டிஸ்க் செத்த பிறகு, எதை எங்கே வைத்தோம் என்றே மறந்துவிட்ட நிலையில், அதே சர்வரை மறுபடி எழுப்புவதுதான் கஷ்டம். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த இரண்டாவது நாளுக்காகத்தான். லினக்ஸ் டெர்மினலில் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும்.

மெஷின்

சொந்த ப்ராஜெக்டுகளுக்கு ப்ராசஸர் வேகம் அநேகமாகப் பிரச்சினையே ஆகாது. ரேம்தான் முதலில் தீரும். 8 ஜிபி போதும், 16 இருந்தால் நிம்மதி. இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள மினி பிசி நல்ல தேர்வு. பழைய லேப்டாப்பும் நன்றாகவே உழைக்கும். பழைய டெஸ்க்டாப்பை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு: சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கும் மெஷின் வருடத்துக்கு 438 யூனிட் மின்சாரம் தின்னும்; 10 வாட் மெஷின் என்றால் 88 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

லேப்டாப் என்றால் இரண்டு வேலை. லாகின்டி கான்ஃபிக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' மதிப்பை 'இக்னோர்' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் மூடியை மூடியதும் சர்வர் தூங்கிவிடும். அடுத்தது பேட்டரி. 24 மணி நேரமும் 100 சதவீதத்தில் நிற்கும் பேட்டரி நாளடைவில் உப்பும். பயாஸில் சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இருந்தால் 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருவதுபோல் தெரிந்தால் அன்றைக்கே பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

ராஸ்பெர்ரி பை வைத்திருந்தால் பவர் சப்ளையில் சிக்கனம் பிடிக்காதீர்கள். பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் தேவை. கையில் கிடைத்த போன் சார்ஜரைச் செருகினால் வோல்டேஜ் இறங்கி, காரணமே தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும், எஸ்டி கார்டு கெடும். எப்படியும் டேட்டாபேஸை எஸ்டி கார்டில் வைக்கக் கூடாது. தொடர்ந்து எழுதினால் அது தாங்காது. பை ஆர்ம் வகை மெஷின் என்பதால் சில கண்டெய்னர் இமேஜ்கள் (ஆப்பை அதற்குத் தேவையானவற்றோடு கட்டி வைத்த பொதிகள், டாக்கர் இவற்றை ஓட்டும்) 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று சொல்லி நின்றுவிடும். அந்த இமேஜ் ஆர்முக்குக் கட்டப்படவில்லை என்பதே அதன் பொருள். உங்கள் பக்கம் தவறில்லை.

எந்த மெஷினாக இருந்தாலும் பயாஸில், மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். டெஸ்க்டாப், மினி பிசி இரண்டிலும் இந்த வசதி பெரும்பாலும் உண்டு. செய்யாவிட்டால், நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில்தான் நினைவுக்கு வரும்.

டிஸ்க்கும் ஃபோல்டர்களும்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். ஓஎஸ்ஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு இன்னொரு டிஸ்க். ஓஎஸ் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு 128 ஜிபியே அதிகம்.

எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் மூன்று ஃபோல்டர்கள் போதும். 'ஆப்ஸ்': ஒவ்வொரு ஆப்புக்குமான கம்போஸ் கோப்பும் (கண்டெய்னர்களை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்வது) கான்ஃபிக் கோப்புகளும் இதில், இது முழுக்க ஒரு கிட் ரெப்போ. 'டேட்டா': ஆப்கள் எழுதும் எல்லாம், இரண்டாவது டிஸ்க் இங்கேதான் மவுண்ட் ஆகும். 'டம்ப்': டேட்டாபேஸ்களின் ஏற்றுமதிக் கோப்புகள். இந்த மூன்றுக்கும் வெளியே கைவைத்து எதையாவது மாற்றினால், என்ன மாற்றினீர்கள் என்று 'ஆப்ஸ்' ரெப்போவில் ஒரு குறிப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மறுபடி எழுப்பும் நாளில் கையில் இருக்கும் ஒரே வரைபடம் அதுதான்.

மவுண்ட் செய்யும்போது, எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை எழுதாதீர்கள். யுஎஸ்பி ஒன்றைச் செருகி ரீபூட் செய்தால் அந்தப் பெயர்கள் இடம் மாறலாம். மாறாத அடையாள எண்ணான யுயுஐடியை எழுதுங்கள், பிஎல்கேஐடி கமாண்ட் அதைக் காட்டும். கூடவே 'நோஃபெயில்' ஆப்ஷன் வேண்டும். அது இல்லாமல் டிஸ்க் கழன்றிருந்தால், பூட் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். மானிட்டரும் கீபோர்டும் மாட்டித்தான் மீட்க வேண்டும். கோப்பைத் திருத்தியதும் ரீபூட் செய்து பார்ப்பதற்கு முன் 'ஃபைண்ட்மவுண்ட்' கமாண்டின் 'வெரிஃபை' ஆப்ஷனை ஓட்டுங்கள். எழுத்துப் பிழையைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

நோஃபெயில் ஒரு புதிய ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் முடிந்துவிடும், கண்டெய்னர்களும் ஓடத் தொடங்கிவிடும். அவை 'டேட்டா' காலியாக இருப்பதைப் பார்த்துப் புதிய டேட்டாபேஸை உருவாக்கி, ஓஎஸ் டிஸ்க்கில் எழுதித் தள்ளும். ஆப் திறக்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது. இதற்கு மருந்து ஒரே கமாண்ட். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, காலியாக இருக்கும் அந்த 'டேட்டா' ஃபோல்டரின் மேல் 'சாட்டர்' கமாண்டை 'பிளஸ் ஐ' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பிறகு மவுண்ட் செய்யுங்கள். இனி டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்த ஃபோல்டருக்குள் ரூட்கூட எழுத முடியாது. கண்டெய்னர் எரர் அடித்து நின்றுவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும்போது இந்தப் பூட்டு அதன் அடியில் மறைந்திருக்கும், ஒரு தொந்தரவும் தராது.

டிஸ்க்கின் உடல்நிலையை மாதம் ஒருமுறை 'ஸ்மார்ட்சிடிஎல்' கொண்டு பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளில் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய செக்டர்கள்) எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஓஎஸ், எஸ்எஸ்எச்

டெபியன் ஸ்டேபிள் அல்லது உபுண்டு எல்டிஎஸ். டெஸ்க்டாப் சூழல் வேண்டாம். எது சிறந்தது என்ற விவாதத்தில் செலவாகும் நேரத்தில் இரண்டையுமே நிறுவி முடித்துவிடலாம். பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் தானாக ஏறும்படி 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' பேக்கேஜை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்எச் கீஜென் கொண்டு ஈடி25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்கி, எஸ்எஸ்எச் காப்பி ஐடி மூலம் சர்வரில் ஏற்றுங்கள். சாவியால் நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகுதான் பாஸ்வேர்ட் நுழைவையும் ரூட் நுழைவையும் அணைக்க வேண்டும். அணைக்கும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிடாதீர்கள். புதிதாக இன்னொரு டெர்மினல் திறந்து நுழைந்து பாருங்கள். அது வேலை செய்தால்தான் பழையதை மூடலாம்.

உபுண்டுவில் இங்கே ஒரு குழி இருக்கிறது. முதன்மை எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டை அணைத்தும் அது தொடர்ந்து ஏற்கப்படலாம். அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே துணை ஃபோல்டர் ஒன்றிலுள்ள கோப்புகள் சேர்க்கப்படுகின்றன. முதல் அமைப்பைச் செய்யும் கிளவுட் இனிட் என்ற கருவி அங்கே பாஸ்வேர்டை அனுமதிக்கும் ஒரு வரியைப் போட்டு வைத்திருக்கலாம். எஸ்எஸ்எச் முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்எச்டி கமாண்டைப் பெரிய 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால் நடைமுறையில் உள்ள மதிப்புகளைக் காட்டும். கோப்பை நம்பாமல் அதைப் பாருங்கள்.

சாவி சரியாக இருந்தும் மறுபடி மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறதா? சர்வரில் டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, ஆதரைஸ்டு கீஸ் கோப்பு 600 என்ற அனுமதியில் இருக்க வேண்டும். ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிகிற நிலை இருந்தாலும் எஸ்எஸ்எச் சாவியை ஏற்காது.

நெட்வொர்க்

சர்வரின் ஐபி மாறாமல் இருக்க, ரூட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் செய்யுங்கள். சர்வரிலேயே நிலையான ஐபி எழுதி வைத்தால், ரூட்டர் அதே எண்ணை வேறொரு போனுக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. ஆப் ஒரு நிமிடம் திறக்கும், மறு நிமிடம் திறக்காது.

வெளியிலிருந்து நுழைய வேண்டுமென்றால், ஆப்களின் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக இணையத்துக்குத் திறந்துவிடுவது தவறான பாதை. வயர்கார்டு என்ற விபிஎன் ஒன்று போதும். லினக்ஸ் கர்னலிலேயே 2020 முதல் இருக்கிறது. ரூட்டரில் யுடிபி 51820 போர்ட்டை மட்டும் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுகளுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. போர்ட் ஸ்கேன் செய்பவர்களுக்கு அங்கே ஒன்றும் இருப்பதாகத் தெரியாது.

அதற்கு முன் ஒரு சோதனை. ரூட்டரின் பக்கத்தில் தெரியும் வெளி ஐபியையும், 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது தளத்தில் தெரியும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் தெரிந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் (ஒரே வெளி ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் சேவையைப் பயன்படுத்தலாம், அல்லது பொது ஐபி உள்ள ஒரு சின்ன விபிஎஸ்ஸை (வாடகை சர்வர்) நடுவில் வைத்து, சர்வரே அதற்கு வயர்கார்டில் போய்ச் சேரும்படி செய்யலாம். இந்த இரண்டாவது ஏற்பாட்டில் சர்வர் பக்கம் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' 25 விநாடி என்று இருக்க வேண்டும். விட்டுவிட்டால் நடுவிலுள்ள நாட் இணைப்பை மறந்துவிடும்.

வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால், அதை 192.168.73 போல யாரும் வைக்காத எண்ணுக்கு இப்போதே மாற்றிவிடுவது நல்லது. நீங்கள் போகும் இடத்து வைஃபையும் 192.168.1 ஆக இருந்தால், வயர்கார்டு இணைந்திருந்தும் சர்வர் கிடைக்காது. போன் அந்த இடத்து நெட்வொர்க்கிலேயே சர்வரைத் தேடிக்கொண்டிருக்கும்.

விளம்பரத் தடுப்புக்காக பை-ஹோல் போன்ற டிஎன்எஸ் சர்வரையும் இதே மெஷினில் ஓட்ட ஆசை வரும். ஓட்டுங்கள். ஆனால் சர்வரை ரீபூட் செய்யும் ஒவ்வொரு தடவையும் வீடு முழுக்க இணையம் நின்றுவிடும் என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண்டெய்னர்கள்

டாக்கரை அதன் சொந்த ரெப்பாசிட்டரியிலிருந்து நிறுவுங்கள். ஸ்னாப் வழியாக வரும் டாக்கர் ஹோம் ஃபோல்டருக்கு வெளியே உள்ள கோப்புகளை அணுகாது. எஸ்ஆர்வியில் டேட்டா வைக்கும் நம் ஏற்பாட்டுக்கு அது ஒத்துவராது. உங்கள் பயனரை 'டாக்கர்' குரூப்பில் சேர்ப்பது ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம் என்பதையும் தெரிந்துகொண்டே சேருங்கள்.

ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு ஃபோல்டர், அதில் ஒரு கம்போஸ் கோப்பு. அதில் இமேஜின் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். 'லேட்டஸ்ட்' என்று எழுதினால் இன்று இறங்கியது எது என்று ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியாது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இது வெறும் அசௌகரியமாக நிற்காது: பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா ஃபோல்டரைப் புதியது திறக்க மறுத்துவிடும். பழைய பதிப்பில் டம்ப் எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும். ரீஸ்டார்ட் கொள்கைக்கு 'அன்லெஸ் ஸ்டாப்டு' பொருத்தமானது.

ஃபயர்வாலை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். யுஎஃப்டபிள்யூவில் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தாலும், கம்போஸில் 5432:5432 என்று போர்ட் எழுதிய நொடியே அது வெளியே திறந்துவிடும். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. அந்த வழியில் வரும் பாக்கெட் யுஎஃப்டபிள்யூவைச் சந்திப்பதே இல்லை. 127.0.0.1:5432:5432 என்று முன்னால் முகவரியைச் சேர்த்து எழுதுங்கள். டேட்டாபேஸுக்கு அதுகூட வேண்டாம். ஒரே கம்போஸ் கோப்பில் உள்ள கண்டெய்னர்கள் போர்ட் திறக்காமலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அவை பேசும் விதத்தில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கண்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தக் கண்டெய்னரேதான். பக்கத்தில் உள்ள டேட்டாபேஸ் ஆகாது. ஆப்பிலிருந்து டேட்டாபேஸை அழைக்க, கம்போஸில் அதற்கு வைத்த சர்வீஸ் பெயரை எழுதுங்கள். அதேபோல உங்கள் ஆப் கண்டெய்னருக்குள் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து எந்த அழைப்பும் அதை எட்டாது, 0.0.0.0 என்று மாற்ற வேண்டும். 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று எழுதினால் டேட்டாபேஸ் கண்டெய்னர் தொடங்கும் வரைதான் காத்திருக்கும், அது தயாராகும் வரை காத்திருக்காது. ஹெல்த்செக் எழுதி, 'சர்வீஸ் ஹெல்தி' நிபந்தனையைச் சேர்த்தால்தான் உண்மையில் காத்திருக்கும்.

போஸ்ட்கிரஸ் பாஸ்வேர்டை என்வ் கோப்பில் மாற்றினேன், பழையதுதான் வேலை செய்கிறது என்ற புலம்பலுக்கும் காரணம் உண்டு. டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் ஓட்டத்தில் மட்டுமே அந்த மதிப்பு படிக்கப்படுகிறது. அதன்பின் மாற்ற, டேட்டாபேஸுக்குள் போய் 'ஆல்ட்டர் ரோல்' கட்டளையால்தான் மாற்ற வேண்டும்.

கண்டெய்னர் லாக்குகளுக்கு டாக்கர் இயல்பாக எந்த வரம்பும் வைப்பதில்லை. எரர் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு ஆப் சில வாரங்களில் ஓஎஸ் டிஸ்க்கை நிரப்பிவிடும். டீமன் ஜேசன் கோப்பில் 'மேக்ஸ் சைஸ்' 10 எம்பி, 'மேக்ஸ் ஃபைல்' 3 என்று எழுதுங்கள். இது புதிதாக உருவாகும் கண்டெய்னர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே ஓடுபவற்றை ரீஸ்டார்ட் செய்தால் போதாது, நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும்.

சொந்தக் கோடு

நீங்கள் எழுதிய 200 வரி பைத்தான் பாட்டுக்கு டாக்கர் கட்டாயமில்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டிக்கு ஒரு சர்வீஸ் கோப்பு போதும். அதில் பயனர், வேலை ஃபோல்டர், ஓட்ட வேண்டிய கமாண்ட் மூன்றும் இருக்க வேண்டும். கமாண்டில் விர்ச்சுவல் என்வைரன்மென்டுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதுங்கள். 'ஆக்டிவேட்' செய்யும் சடங்கு இங்கே தேவையில்லை. 'ரீஸ்டார்ட்' மதிப்பு 'ஆன் ஃபெயிலியர்', 'ரீஸ்டார்ட் செக்' மதிப்பு 5 விநாடி. இந்த 5-ஐ எழுத மறந்தால், விழுந்த ப்ரோகிராமை சிஸ்டம்டி 100 மில்லிவிநாடியில் எழுப்பிவிடும். 10 விநாடிக்குள் 5 தடவை தொடங்கியும் நிலைக்கவில்லை என்றால் கைவிட்டுவிடும். நெட் ஒரு நிமிடம் போனதற்காக உங்கள் பாட் நாள் முழுக்கச் செத்துக் கிடக்கும்.

ப்ரோகிராம் ஓடுகிறது, ஆனால் ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) ஒரு வரியும் வரவில்லை என்றால் பைத்தான் வெளியீட்டைத் தேக்கி வைத்திருக்கிறது. 'பைத்தான் அன்பஃபர்டு' என்ற என்வைரன்மென்ட் மாறிக்கு 1 கொடுங்கள்.

இரவு வேலைகளுக்குக் கிரானைவிட சிஸ்டம்டி டைமர் மேல். 'பெர்சிஸ்டென்ட்' மதிப்பை 'ட்ரூ' என்று வைத்தால், சர்வர் அணைந்திருந்தபோது தவறிய வேலையை எழுந்ததும் ஓட்டிவிடும். கிரானேதான் வேண்டும் என்பவர்கள் இரண்டை நினைவில் வையுங்கள்: அதன் பாத் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மிகக் குறுகியது, ஆகவே கமாண்டுகளுக்கு முழுப் பாதை எழுத வேண்டும், சதவீதக் குறி அங்கே புது வரியாக மாறிவிடும், முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும்.

லேப்டாப்பில் 'கிட் புஷ்' அடித்ததும் சர்வரில் புதிய கோடு ஓட வேண்டுமா? சர்வரின் டேட்டா ஃபோல்டரில் ஒரு பேர் ரெப்போ (வேலைக் கோப்புகள் இல்லாமல் கிட் வரலாறு மட்டும் உள்ளது) உருவாக்குங்கள். அதன் ஹூக்ஸ் ஃபோல்டரில் 'போஸ்ட் ரிசீவ்' என்ற ஸ்கிரிப்டை வைத்து, ஓடும் அனுமதி கொடுங்கள். அந்த ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது: ஆப் ஃபோல்டரை வொர்க் ட்ரீயாகக் காட்டி செக்அவுட், தேவைப்பட்டால் பிப் இன்ஸ்டால், பிறகு சர்வீஸ் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட்டுக்காக அந்த ஒரே கமாண்டுக்கு மட்டும் சூடோவில் பாஸ்வேர்ட் இல்லா அனுமதி கொடுங்கள். ஹூக்குக்குள் வேறொரு ஃபோல்டருக்குப் போய் 'கிட் புல்' அடித்தால், அது கிட் ரெப்போவே இல்லை என்று எரர் வரும். ஹூக் ஓடும்போது 'கிட் டிர்' என்ற மாறி ஏற்கெனவே செட் ஆகியிருப்பதுதான் காரணம். அதை அன்செட் செய்துவிட்டு அடித்தால் சரியாகும். புஷ் வெற்றி, ஆனால் எதுவும் மாறவில்லை என்றால் பிராஞ்ச் பெயரைப் பாருங்கள். பேர் ரெப்போவின் ஹெட் 'மாஸ்டர்' என்றும் நீங்கள் அனுப்புவது 'மெயின்' என்றும் இருக்கும்.

பிரவுசரில் கோடைப் பார்க்க வேண்டும், இஷ்யூ எழுத வேண்டும் என்றால் ஃபோர்ஜோ நிறுவலாம். ஒருவர் மட்டும் பயன்படுத்த பேர் ரெப்போவே ஏராளம்.

பாட் டோக்கன், பாஸ்வேர்ட் எல்லாம் டாட் என்வ் கோப்பில். அந்தக் கோப்பு கிட் இக்னோரில். ஒருமுறை தவறிக் கமிட் ஆகிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்கினாலும் பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும். வரலாற்றைச் சுத்தம் செய்ய மெனக்கெடுவதற்கு முன் டோக்கனை மாற்றுங்கள்.

எச்டிடிபிஎஸ்

கேடி என்ற வெப் சர்வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டொமைனுக்கு இரண்டு மூன்று வரிகளில் கான்ஃபிக் முடியும். சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். 80, 443 போர்ட்டுகள் இரண்டையுமே வெளியே திறக்க முடியாதவர்கள் டிஎன்எஸ்-01 முறையில் (டொமைன் உங்களுடையது என்று டிஎன்எஸ் பதிவால் காட்டுவது) வாங்க வேண்டும். அதற்கு உங்கள் டிஎன்எஸ் நிறுவனத்துக்கான ப்ளக்இன் சேர்த்துக் கட்டிய கேடி தேவை. கேடியின் டேட்டா ஃபோல்டரை நிரந்தர இடத்தில் மவுண்ட் செய்யாவிட்டால், கண்டெய்னரை உருவாக்கும் ஒவ்வொரு தடவையும் புதுச் சான்றிதழ் கேட்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் தரும். ஆறாவது தடவை காத்திருக்க வேண்டியதுதான்.

டொமைனை வீட்டுக்குள்ளேயே இருக்கும் 192.168 முகவரிக்குக் காட்டியிருந்தும் திறக்கவில்லை என்றால், ரூட்டரின் டிஎன்எஸ் ரீபைண்ட் தடுப்பு (வெளி டொமைனுக்கு வீட்டு முகவரி பதிலாக வந்தால் மறுக்கும் பாதுகாப்பு) அந்தப் பதிலை விழுங்கியிருக்கலாம். ரூட்டரில் உங்கள் டொமைனுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

பேக்கப்

ரெய்டு (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ஏற்பாடு) பேக்கப் ஆகாது. தவறாக அழித்த கோப்பை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் பாதி எழுதிய நிலை பதிவாகலாம். போஸ்ட்கிரஸ்ஸுக்கு பிஜி டம்ப். எஸ்க்யூலைட்டுக்கு அதன் டாட் பேக்கப் கட்டளை. வால் மோடில் (புதிதாக எழுதுபவை முதலில் தனி லாக் கோப்புக்குப் போகும் முறை) இருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் சிபி செய்தால் கடைசியாக எழுதியவை விடுபட்டுப் போகும். இந்த ஏற்றுமதிகள் எல்லாம் 'டம்ப்' ஃபோல்டருக்குப் போகட்டும். பிறகு ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூன்று ஃபோல்டர்களையும் எடுத்துக்கொள்ளும்: ஒன்று வீட்டிலேயே வேறொரு டிஸ்க்குக்கு, இன்னொன்று வீட்டுக்கு வெளியே. தினசரி 7, வாராந்திர 4, மாதாந்திர 6 வைத்துக்கொண்டால் போதும். 'ஃபர்கெட்' மட்டும் ஓட்டினால் இடம் விடுபடாது. 'ப்ரூன்' சேர்த்து ஓட்ட வேண்டும்.

டாட் என்வ் கோப்புகள் கிட்டில் இல்லை என்பதால் அவை பேக்கப்பில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்கும். அதன் பாஸ்வேர்ட் தொலைந்தால் மீட்க வழியே இல்லை. அந்தப் பாஸ்வேர்டை சர்வரில் ஓடும் பாஸ்வேர்ட் மேனேஜரில் மட்டும் வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதுதான். காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

பேக்கப் ஸ்கிரிப்டில் பிஜி டம்ப்பின் வெளியீட்டை பைப் மூலம் ஜிஜிப்புக்கு அனுப்புகிறீர்களா? டம்ப் தோற்றாலும் ஜிஜிப் வெற்றிதான் சொல்லும். ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் முடியும். 20 பைட் கோப்பு ஒவ்வொரு இரவும் அழகாகச் சேமிக்கப்படும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் ஈ', 'பைப்ஃபெயில்' இரண்டையும் போடுங்கள். கடைசி வரியில், வெளியே இருக்கும் ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ஒரு பிங் அனுப்புங்கள். ஒரு நாள் பிங் வராவிட்டால் அது உங்களுக்கு மெயில் அனுப்ப வேண்டும். கண்காணிப்பை இதே சர்வரில் வைத்தால், சர்வர் செத்த செய்தியைச் சொல்ல ஆள் இருக்காது.

அடிக்கடி உடைபவை

'இடமில்லை' என்ற எரர் வரும், டிஎஃப் பார்த்தால் இடம் இருக்கும். டிஎஃப்-ஐ 'ஐ' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்று வீதம் தேவைப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகளை எழுதும் ஸ்கிரிப்டின் கைவரிசை. மாறாக, பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பாவிட்டால், ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்த ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால் விடுபடும்.

கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்தால் வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ரேம் தீர்ந்ததே காரணம். கர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் நீங்களே நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் 10 விநாடி இழுத்துவிட்டு 137 வருகிறது என்றால் விஷயம் வேறு: டாக்கர்ஃபைலில் கமாண்டைச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் பட்டியலாக எழுதாததால், நிறுத்தச் சொல்லும் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடுகிறது, உங்கள் ப்ரோகிராமை எட்டுவதில்லை.

எடுத்துப் பார்த்த பேக்கப்தான் பேக்கப்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு மெஷினிலோ விர்ச்சுவல் மெஷினிலோ காலியான டெபியனில் தொடங்குங்கள். உதவிக்குக் குறிப்புக் கோப்பும் ரெஸ்டிக் பாஸ்வேர்டும் மட்டும். டாக்கரை நிறுவி, மூன்று ஃபோல்டர்களையும் மீட்டு, காலி டேட்டாபேஸில் டம்ப்பை ஏற்றி, ஒவ்வொரு ஆப்பாக எழுப்புங்கள். பாட்டை மட்டும் சோதனைக்கான வேறு டோக்கனில் ஓட்டுங்கள். ஒரே டோக்கனில் இரண்டு பாட் ஓடினால் டெலிகிராம் 409 என்று எரர் தரும், வீட்டில் ஓடும் அசலும் தடுமாறும்.

ஆப் திறந்தால் மட்டும் போதாது. செலவு ஆப்பில் நேற்றைய கடைசி வரி இருக்கிறதா, ஏற்றிய படம் ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸ் வந்து படங்கள் வராமல் போவது சகஜம். கோப்புகளின் உரிமையாளர் எண் மாறியிருக்கும், கண்டெய்னருக்குள் ஓடும் பயனர் எண்ணுக்கு சிஎச்ஓன் கமாண்டால் மாற்ற வேண்டும். எங்கெங்கே தட்டுத் தடுமாறினீர்களோ அதையெல்லாம் குறிப்புக் கோப்பில் சேர்த்துக் கமிட் செய்துவிட்டு, அந்த விர்ச்சுவல் மெஷினை அழித்துவிடுங்கள்.